இரவல் பிள்ளைகள்

அறிக்கை எழுதப் புதுத் தாள் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்து மிஞ்சிப்போன படிவங்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில்தான் எழுதினேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஆங்கில எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். அதன்மேல் நான் ஜப்பானிய எழுத்தில், ஜார்ஜ் டவுன் தமிழ்ப் பள்ளிகளின் ஓராண்டு முன்னேற்றத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பினாங்கில் ஜப்பானியர் பள்ளிகளைத் திரும்பத் திறந்தபோது ஆசிரியர்களுக்கு மூன்று மாதம் நிப்போங்கோ வகுப்பு நடத்தினார்கள். அவர்கள் மொழியை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம். அந்த வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். என் அப்பா நகரசபைக்குத் தெருக் கூட்டுகிறவர். சம்பளத் தாளில் கட்டைவிரலை உருட்டுகிறவர். அம்மாவுக்கு அந்த விரலுக்கும் வேலை இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்ததில்லை. இதைச் சொல்லும்போது இன்றும் என் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

நகரத்துத் தமிழ்ப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கை போகவேண்டும். மற்ற ஆசிரியர்கள் தங்கள் விவரங்களைத் தமிழில் எழுதி அனுப்புவார்கள். நிப்போங்கோவில் பிழையில்லாமல் எழுத நான் ஒருத்திதான். பிள்ளைகளின் எண்ணிக்கை, தினசரி வருகை, நிப்போங்கோ தேர்ச்சி, காலை உடற்பயிற்சி, பள்ளித் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கு என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பாகம். இடப்பக்கம் சென்ற ஆண்டு, வலப்பக்கம் இந்த ஆண்டு. வலப்பக்கம் எப்போதும் கூடுதலாக இருக்கவேண்டும் என்று எந்த உத்தரவும் வரவில்லை. ஆனால் குறைவாக எழுதி அனுப்பிய தாள் ஒருமுறை ஜப்பானியரின் கல்வி அலுவலகத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தது. ஒரு குறிப்புக்கூட இல்லை.

அதை எடுத்துக்கொண்டு எங்கள் பெரிய வாத்தியாரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; அலுவலகத்தைக் கந்தோர் என்பார். கோபம் வந்தாலும் மரியாதை குறையாமல் பேசுவார்.

"உள்ளதைத்தானே சார் எழுதியிருக்கேன்," என்றேன்.

"உள்ளதை எழுதினா உள்ள பள்ளிக்கூடமும் போயிடும், பிள்ளை. கந்தோரில என்ன கேக்கினமோ அதை எழுதும். உம்மட எழுத்து வடிவா இருக்கு. வடிவான எழுத்தை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம்."

எழுத்தைப் புகழ்ந்தது எனக்குப் போதுமாக இருந்தது. வேறு தாள் எடுத்து எழுதினேன்.

உள்ளது என்னவென்றால் பிள்ளைகள் வரவில்லை. சிலருக்குக் காலில் புண். சிலருக்கு உடுத்த ஒன்றுதான். அதைத் துவைத்த நாளில் வீட்டில் இருந்தாகவேண்டும். பல தாய்மார் மலையடிவாரத்தில் கிழங்கு போடப் போகும்போது பெரிய பிள்ளைகளையும் கூட்டிப் போய்விடுவார்கள். அப்பாக்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோன வீடுகளில் யாரும் படிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. அப்படியும் எங்கள் பள்ளி பரவாயில்லை. பெரிய பள்ளி, நான்கு வகுப்பு நிறைந்தது.

சூலியா தெருவுக்குப் பின்னால், ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் மாடியில் இன்னொரு சின்னப் பள்ளி நடந்தது. துறைமுகத்துக் கூலிக்காரர்களின் பிள்ளைகள் படித்த இடம். ஒரே ஆசிரியை. அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். எல்லாரும் அக்கா என்போம். கணவர் சயாமுக்குப் போனவர். அங்கிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆசிரியைக்குக் கிடைக்கும் பங்கீட்டு அரிசிதான் மூன்று வயிற்றுக்கும். அக்காவுக்கு நிப்போங்கோ ஏறவே இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னடி, பல்லி கால் மாதிரி கிறுக்கியிருக்கு," என்று எழுத்தைக் காட்டிச் சிரிக்க வைப்பார்.

இரண்டாம் ஆண்டு அறிக்கைக்கு முன்னால், கல்வி அதிகாரி நேரில் வந்து எண்ணுவார் என்று அறிவிப்பு வந்தது. நாற்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளி மூடப்படும். ஆசிரியரின் அரிசிப் பங்கீடும் அன்றோடு நிற்கும்.

அக்காவிடம் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். பெரிய வாத்தியார் முன்னால் உட்காராமலே பேசினார்.

"சார், ஒரு சாமான் இரவல் கேக்க வந்தேன்."

"சொல்லும்."

"இருபத்திரண்டு பிள்ளைங்க. ஒரே ஒரு மத்தியானத்துக்கு."

பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் சிரித்துவிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"என்னா சிரிக்கிற? சீனியா கேட்டேன், இல்லேன்னு சொல்ல? பிள்ளைங்கதானே லா. தேஞ்சா போயிரும்?"

அது புதிய யோசனை இல்லை. வேறு இரண்டு பள்ளிகள் முதல் ஆண்டே, அலுவலகத்திலிருந்து ஆள் பார்வையிட வந்தபோது, அப்படிச் செய்ததாகக் கேள்வி. அதிகாரி காலையில் எங்கள் பள்ளிக்கு வருவார். பிறகு அலுவலகத்தில் தேநீர். மத்தியானம்தான் கிட்டங்கி மாடி. பின்சந்துகள் வழியாக நடந்தால் கால் மணி நேரம். கார் சுற்றி வருவதற்குள் பிள்ளைகள் போய் உட்கார்ந்துவிடலாம்.

பெரிய வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். "திருப்பித் தரேக்க எண்ணித் தரவேணும்," என்றார் கடைசியில். அவர் வேடிக்கை பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "லிஸ்ட நீதான் எழுதுவ. கெட்டிக்காரப் பிள்ளைங்க எனக்கு வேணாம். காலையில வாயத் தொறக்காத பிள்ளைங்களாப் பாத்துக் குடு. அந்த ஆளு முகத்தப் பாத்து மனசுல வச்சிக்கிற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாது. புரியுதா?"

"தெரியும்கா. இது கூடவா தெரியாது?"

"உனக்கு எல்லாம் தெரியும். அதான் பயமா இருக்கு."

பட்டியல் எழுதினேன். துறைமுகப் பக்கத்தில் வீடுள்ள பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அதில் என் வகுப்புச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். எட்டு வயது, உருவம் ஆறு வயதுக்குத்தான் சொல்லும். நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு முறை கேட்டால் போதும், அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வாள். அவளுடைய அம்மாவும் என் அம்மாவைப் போலத்தான். அவளைப் பார்க்கும்போது என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வேன். ஆனாலும் அவளை நான்காவது வரிசையில் உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அதுவரை நான் செய்ததெல்லாம் சரி.

அதிகாரி வந்த அன்று காலை, ஜப்பான் சக்கரவர்த்தியை நினைத்துக் கிழக்கே பார்த்து வணங்கினோம், உடற்பயிற்சி செய்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக நிப்போங்கோவில் எண் சொல்லி முடித்தார்கள். அதிகாரி குள்ளமான மனிதர். தன் நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று சொல்வார்கள். என் வகுப்புக்குள் வந்து முன் வரிசைப் பையனிடம், "இது எந்த மாதம்? அடுத்தது எது?" என்று கேட்டார். ஒரு வாரமாக நான் தயார் செய்து வைத்திருந்த பையன். அவன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அடுத்தவனும் நின்றான். மூன்றாமவன் அழ ஆரம்பித்தான். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நகரத்திலேயே முதலாவதாக வந்த ஆசிரியையின் வகுப்பா இது என்று அந்தப் பார்வை கேட்டதாக எனக்குப் பட்டது.

நான் நான்காவது வரிசையைப் பார்த்தேன். கூப்பிடவில்லை, பார்த்தேன். என் பிள்ளைகளுக்கு அது போதும் என்பது எனக்குத் தெரியும்.

சிறுமி எழுந்தாள். மாதம் பன்னிரண்டையும் சொன்னாள். பிறகு தானாகவே, மழை பெய்தாலும் நாங்கள் பள்ளிக்கு வருவோம் என்ற வாக்கியத்தையும் சொல்லி இடுப்பு வளைய வணங்கினாள். அதிகாரியின் முகம் அப்படியே மாறிவிட்டது. சட்டைப்பையிலிருந்து பாதி சிவப்பும் பாதி நீலமுமான பென்சில் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பினாங்கில் அப்போது கட்டைப் பென்சிலுக்கே வழியில்லாத காலம். வகுப்பு முழுக்க அந்தப் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதே அவளைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கவேண்டும். ஒரு விநாடி வேலை. ஆனால் அதிகாரி என்னிடம், அலுவலகத்துக்கு வா, மத்தியானம் நீதான் எனக்கு மொழிபெயர்க்கவேண்டும் என்றார். பெரிய வாத்தியாரும் கூட வந்தார். தேநீரில் சீனி போட்டிருந்தார்கள். என் நிப்போங்கோவைப் பற்றி அங்கிருந்த எல்லாரிடமும் அவர் சொன்னார். நான் சீனித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் வரிசையாகப் பின்சந்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு காரில் ஏறினேன், முதல் தடவையாக. ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய வாத்தியாரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டார்கள். முச்சந்தியில் நாலைந்து தெருக்கூட்டுகிறவர்கள் வேலையை நிறுத்தி, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, காரைப் பார்த்து வணங்கி நின்றார்கள். அதிகாரி கார் போனால் அப்படித்தான் நிற்கவேண்டும். அதில் ஒருவர் என் அப்பா. தலை குனிந்திருந்ததால் உள்ளே யார் என்று அவர் பார்க்கவில்லை. அன்று எனக்கு வெட்கம் வரவில்லை என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். நிமிர்ந்து பார்க்கமாட்டாரா, மகள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளமாட்டாரா என்றுதான் நினைத்தேன்.

கிட்டங்கி மாடியில் அக்கா துவைத்த வெள்ளைச் சேலையில் நின்றார். நாற்பத்தொரு பிள்ளைகள். எண் சொல்ல ஆரம்பித்தார்கள். நான்காவது வரிசைக்கு வந்தபோது சிறுமி எழுந்து தன் எண்ணைத் தெளிவாகச் சொன்னாள். அவள் மூடிய கையிலிருந்து சிவப்பும் நீலமுமாகப் பென்சில் நீட்டிக்கொண்டிருந்தது. நான் கொடுத்தது என்று அக்கா நினைத்தாராம். அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சொல்லவேண்டியவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி எண்ணுவதை நிறுத்தினார். அவள் முன்னால் போய் நின்றார்.

"இதை யார் கொடுத்தது?"

சிறுமி வணங்கினாள். "நீங்கள்தான், ஐயா. இன்று காலையில்." நான் சொல்லிக்கொடுத்த மரியாதைச் சொற்கள் ஒன்றும் விட்டுப்போகவில்லை. பொய் சொல்லவேண்டிய இடம் அது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அக்காவுக்கு அந்த நிப்போங்கோ புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னா கேக்குறாரு?"

"பென்சிலக் கேக்குறாரு. காலையில எங்க ஸ்கூல்ல அவருதான் குடுத்தாரு."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். அதிகாரி என்னிடம் கேட்டார்: இந்தப் பிள்ளைகள் எப்படி இங்கே வந்தார்கள்? உங்கள் பள்ளிக்கு இது தெரியுமா? நான் அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தாமல், அரிசி விலை சொல்வதுபோல் பேசினார்.

"நான் சொல்றத அப்படியே சொல்லு. ஸ்கூல் விட்டப்புறம் தெருவுல போற பிள்ளைங்கள நானே புடிச்சிக் கூட்டியாந்தேன். அங்க ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. சொல்லு."

"அக்கா..."

"ரெண்டு ஸ்கூலும் போவணுமா? சொல்லுடி."

சொன்னேன். இந்த ஆசிரியை, எங்கள் பள்ளிக்குத் தெரியாமல், தானே பிள்ளைகளை அழைத்து வந்ததாகச் சொல்கிறார். வினைச்சொற்கள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. மூன்று மாத வகுப்பில் நான் பேசிய எந்த வாக்கியமும் அவ்வளவு நன்றாக அமைந்ததில்லை. அதிகாரி நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பள்ளிகள் ஏமாற்றின என்று மேலே எழுதுவதைவிட ஒன்று என்று எழுதுவது அவருக்கும் வசதியாக இருந்திருக்கலாம்.

பிள்ளைகள் முன்னால் அக்காவை இரண்டு முறை அறைந்தார். இரண்டாவது அறைக்கு அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தார்; பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டார். பள்ளி இன்றோடு மூடப்பட்டது என்று அதிகாரி என்னைச் சொல்லச் சொன்னார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். படியிறங்கும்போது அதிகாரி திரும்பி, "உன் உச்சரிப்பு மிகவும் நன்றாக இருக்கிறது," என்றார். நான் வணங்கி நன்றி சொன்னேன்.

அந்த ஆண்டு அறிக்கையில் கிட்டங்கி மாடிப் பள்ளியை என்ன செய்வது என்று பெரிய வாத்தியாரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார். "அந்தப் பத்தொன்பது பிள்ளையளும் இனி எங்கட பிள்ளையள் எண்டு கந்தோர்க் கடுதாசி வந்திருக்கு. சேர்த்து எழுதும்." எழுதினேன். வலப்பக்கக் கட்டத்தில் எங்கள் எண்ணிக்கை கூடியது. உண்மையில் வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். பின்சந்துகளில் கூட்டி வர ஆள் இல்லை; துறைமுகத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் பெருவழியில் ஜப்பானியக் காவல் சாவடி இருந்தது. சின்னப் பிள்ளைகளை அதைத் தாண்டி அனுப்பத் தாய்மாருக்குத் தைரியம் இல்லை. அறிக்கையைப் பாராட்டி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. புதுத் தாளில் அச்சடித்திருந்தார்கள். அப்பா அதைச் சட்டம் போட ஆசைப்பட்டார். கண்ணாடி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, என் பங்கீட்டு அரிசியில் பாதியைத் துணியில் முடிந்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சந்தில் அடுப்பு வைத்து, சிவப்புப் பாமாயிலில் கிழங்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார். பாசாரில் விற்கத் தொடங்கியிருந்தார். பெரிய பிள்ளை வாழை இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க, பெரிய டீச்சரு. பலகை போடு புள்ள. கார்ல வர்றவங்க, தரையில உக்கார மாட்டாங்க."

நான் தரையில் உட்கார்ந்தேன். முடிச்சை அவர் பக்கம் தள்ளினேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். வற்புறுத்துவதற்குச் சொற்களும் தயாராக இருந்தன. அவர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். "உள்ள வையி," என்றார். அவ்வளவுதான்.

அவர் வெந்த ஈடு வடையை எடுத்து இலையில் அடுக்கினார். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"அன்னைக்கு நான் வேற ஏதாச்சும் சொல்லியிருக்கணுமாக்கா?"

"என்னாத்த சொல்லுவ? நான் சொன்னதத்தானே சொன்ன."

"நீங்கதான் அப்படியே சொல்லச் சொன்னீங்க."

"ஆமா." கரண்டியால் எண்ணெயை வடித்தார். "ஒரு எடத்துல திக்கியிருக்கலாம்."

போகும்போது இரண்டு வடை கட்டிக் கொடுத்தார். வழியெல்லாம் அவை கையில் சூடாக இருந்தன. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

சிறுமி பள்ளிக்கு வருவதை நிறுத்தவில்லை. பென்சிலை அதன்பிறகு நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் கை தூக்குவதை விட்டுவிட்டாள். எதைக் கேட்டாலும் எழுந்து நின்று, "தெரியாது டீச்சர்," என்பாள். முதலில் பயம் தெளியட்டும் என்று விட்டேன். பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு நாள் திட்டியும் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். அன்று அக்கா அறை வாங்கியபோது அவள் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல பதில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் அங்கே படித்துக்கொண்டாள். அந்தப் பாடத்துக்கு மேல் என்னால் ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு அதே அதிகாரி வந்தார். என் வகுப்பில் நுழைந்ததும் அவளைத்தான் தேடினார். ஓராண்டில் அவள் கொஞ்சமும் வளர்ந்திருக்கவில்லை, அதனால் அடையாளம் தெரிந்தது. "மாதங்களைச் சொல்," என்றார் சிரித்துக்கொண்டே.

எழுந்தாள். வணங்கினாள். "எனக்குத் தெரியாது, ஐயா," என்றாள் நிப்போங்கோவில். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

அவர் சிரிப்பு நின்றது. என்ன ஆயிற்று இந்தப் பிள்ளைக்கு என்று என்னைக் கேட்டார். கடுமையான காய்ச்சல் கண்டாள், அதில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்றேன். திக்காமல்தான் சொன்னேன். அவர் வருத்தப்பட்டு அவள் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அன்று மாலை மூன்றாம் ஆண்டு அறிக்கைக்கான தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பள்ளிச் சுவரோரம் அவள் தனியாக நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கரியால் கோடு இழுத்த கட்டங்கள். ஒற்றைக் காலில் தாவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாதமாக நிப்போங்கோவில் சொல்லிக்கொண்டு போனாள். ஒன்றுகூடப் பிழையில்லை. பத்தாவது மாதத்தில் தலையைத் தூக்கினாள், என்னைப் பார்த்தாள். தூக்கிய காலைக் கீழே வைக்காமல் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பவும் முதல் கட்டத்துக்குப் போய், "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று தமிழில் தாவத் தொடங்கினாள்.

நான் தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பார்க்காதவளைப் போலக் கடந்து போனேன். அந்த ஆண்டு நிப்போங்கோ தேர்ச்சி பெற்றவர்கள் பட்டியலில் அவள் பெயரை நான் எழுதவில்லை.